பேஸ்மட்டம் உயர்த்த யார் காசு?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னைக்கு வங்காள தேசத்துப் பெண்களைப் பத்திப் பேசுறேன். நம்மைப் போலவே குழுவில் சேமிச்சு, கடன் வாங்கி, தவணை கட்டுற பெண்கள் அங்கேயும் லட்சக்கணக்கில் இருக்காங்க.

2009 மே மாதம் அய்லா புயல் அடித்தபோது, குல்னா, சாத்கீரா பக்கம் மண் கரைகள் உடைந்து கடல்தண்ணீர் வயலுக்குள் புகுந்தது. பல ஊர்களில் மாசக்கணக்கில் வடியலை. குடிதண்ணிக் குளமும் உப்பாச்சு. இப்படிப்பட்ட ஊரில் ஒரு குடும்பம் என்ன செய்யணும்? மண் கொட்டி வீட்டு பேஸ்மட்டத்தை உயர்த்தணும். மழைத்தண்ணி பிடிக்கத் தொட்டி வாங்கணும். உப்பு தாங்குற நெல்விதை தேடணும். படிச்சவங்க இதைத் 'தகவமைப்பு' என்கிறார்கள்.

இதுக்குக் காசு யார் தர்றாங்க? லண்டனில் உள்ள பன்னாட்டு சுற்றுச்சூழல் மேம்பாட்டு நிறுவனம் 2019-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. வங்காள தேசத்துக் கிராமக் குடும்பங்கள் புயல், வெள்ளச் சேதத்தைச் சரிசெய்யவும் தடுக்கவும் வருஷத்துக்குச் சுமார் 200 கோடி டாலர் சொந்தக் காசைச் செலவழிக்குதாம். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ரூ.14,000 கோடி. அரசாங்கம் செலவழிப்பதைவிட இது அதிகம். பன்னாட்டு நிதி அமைப்புகள் மூலம் வருவதைவிடப் பல மடங்கு.

பணக்கார நாடுகள் 2009-ல் கோபன்ஹேகன் மாநாட்டில் ஒரு வாக்குறுதி கொடுத்தன. 2020-க்குள் வளரும் நாடுகளுக்கு வருஷம் 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று. அந்தத் தொகை எட்டியது 2022-ல்தான். அதிலும் தகவமைப்புக்கென்று வந்தது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அரசுப் பணத்தில் பெரும்பகுதி கடன்! நம்ம வேலியை ஒருத்தர் இடிச்சுட்டு, "கட்டிக்கோ, கடன் தர்றேன்"னு சொன்னா சும்மா விடுவோமா? 2024-ல் பாகு மாநாட்டில் 2035-க்குள் வருஷம் 30,000 கோடி என்று புதுசா சொல்லியிருக்காங்க. பார்ப்போம்.

வீட்டுச் செலவைக் கணக்கெடுத்ததால்தான் அந்த 200 கோடி வெளியே தெரிஞ்சது. நம்ம கடன் பதிவேட்டில் 'நோக்கம்' என்ற இடத்தில் என்ன எழுதுறோம்? காத்துல பறந்த கூரைக்கு வாங்கினாலும் 'குடும்பச் செலவு', வத்திப்போன போரை ஆழப்படுத்த வாங்கினாலும் 'குடும்பச் செலவு'. ஊக்குநர்கள் இந்த மாசத்திலிருந்து உள்ளதை உள்ளபடி எழுதுங்க. கூரை, போர், செத்த ஆடு, அழிஞ்ச நாத்து, எதுவானாலும் தொகையோடு. மூணு மாசக் கணக்கைக் கூட்டி, ஊராட்சி வளர்ச்சித் திட்டம் போடுற கிராம சபையில் நம்ம பிரதிநிதிகள் வாசிக்கணும். பதிவேட்டை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க, எப்படி எழுதுறதுன்னு சேர்ந்தே பார்ப்போம்.