கிரெடிட் இல்லாத பாடம்



பொறியியல் படிக்கும் பிள்ளையிடம் அரசியல் சட்டப் பாடத்தைப் பற்றிக் கேளுங்கள். "அதற்குக் கிரெடிட் இல்லை, அத்தா! பாஸானால் போதும்" என்பான். ஏ.ஐ.சி.டி.இ. 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் அதைக் கட்டாயமாக்கியது. கிரெடிட் மட்டும் தரவில்லை.

2007-இல் தமிழகத்தில் நமக்குக் கிடைத்த 3.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு எது அடிப்படை? 15(4), 16(4) பிரிவுகள்! மதத்துக்காக அல்ல, பின்தங்கிய நிலைக்காகக் கிடைத்தது. நம் கல்லூரிகளை நாமே நடத்தும் உரிமை 30-ஆம் பிரிவு. குமாரபாளையத்தில் தறி ஓட்டவும் ஜவுளி விற்கவும் உள்ள உரிமை 19-ஆம் பிரிவு. இதையா மதிப்பில்லாத பாடம் என்பது?

வியாபாரப் பெருமக்களே! இன்றிரவு கடை அடைத்ததும் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பிரிவையாவது பிள்ளையை விளக்கச் சொல்லுங்கள். உரிமையை அறியாதவன் அதை இழந்தாலும் அறியமாட்டான்.