கடனுக்கு முன்னால் மிஷினைப் படிப்போம்

(திருவண்ணாமலையில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



பௌர்ணமிக்கு மறுநாள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கிடக்கிற தண்ணீர் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். "இதை உருக்கி சாமான் செய்யலாமே, மிஷினுக்குக் கடன் கேட்கலாமே" என்று எங்கள் குழுவில் பேச்சு வந்தது. அதற்கு முன்னால் ஒரு பொறியியல் கல்லூரிப் பட்டறைக்குப் போய்ப் பார்த்தோம்.

மாணவர்கள் படிப்பதற்காக அங்கே ஒரு சின்ன கை மிஷின் இருக்கிறது. முறுக்குப் பிழிகிற மாதிரிதான் வேலை. மேலே பிளாஸ்டிக் துண்டைப் போட்டால் கரண்ட் சூட்டில் இளகும். கைப்பிடியை அழுத்தினால் கீழே இரும்பு அச்சுக்குள் இறங்கும். ஆறினதும் அச்சைப் பிரித்தால் சாமான் ரெடி.

நாங்கள் கொண்டுபோன பாட்டிலையும் மூடியையும் சேர்த்து நறுக்கிப் போட்டோம். முனை அடைத்துக்கொண்டது! அப்புறம்தான் சொன்னாங்க, பாட்டில் வேறு ரகம், மூடி வேறு ரகம் என்று. மூடி 200 டிகிரிக்குள் இளகிவிடும். பாட்டிலுக்கு 250 டிகிரி போல வேணும்.

அன்று கற்றது மூன்று விஷயம்.

ஒன்று, தரம் பிரிப்பது. சாமானின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 2, 5 இந்த மிஷினுக்கு ஏற்றது. 1 என்றால் பாட்டில் ரகம், தனியே எடைக்குப் போடலாம். 3 என்றால் பி.வி.சி. அதைச் சூடாக்கவே கூடாது, அமிலப் புகை வரும், நெஞ்சைக் கெடுக்கும். எண் தெரியாவிட்டால் ஒரு துண்டைத் தண்ணியில் போடுங்க. 2, 5 மிதக்கும். 1, 3 மூழ்கும்.

இரண்டு, அச்சு. ஒரு அச்சில் ஒரு சாமான்தான் வரும். வேறு சாமானுக்கு வேறு அச்சு, அதற்குத் தனிச் செலவு. மிஷின் விலையை மட்டும் கேட்டுக் கணக்குப் போடாதீங்க.

மூன்று, எதைச் செய்வது. பழைய பிளாஸ்டிக்கில் சாப்பாட்டுப் பாத்திரம் வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையான தட்டு, டம்ளர், ஸ்ட்ரா பக்கமும் போகக்கூடாது.

சென்னை கிண்டியில் 1968-ல் தொடங்கிய மத்திய அரசின் சிப்பெட் நிறுவனம் இந்தத் தொழிலைப் பாடமாகவே சொல்லித்தருகிறது. முதலில் எங்களில் இரண்டு பேர் பயிற்சிக்குப் போவது, சாமானை யார் வாங்குவாங்க என்று கடைத்தெருவில் விசாரிப்பது, பிறகுதான் கடன் தீர்மானம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

மிஷின் நின்னு போனாலும் தவணை நிக்காது, சகோதரிகளே.