விரல் மூட்டு வீங்கினால் காலம் தாழ்த்தாதீர்கள்

நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை



மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களைப் படித்துப் பார்ப்பதும், தேவைப்பட்டால் நோயாளியோடு மருத்துவமனைக்குப் போய் வருவதும் எங்கள் குழுவின் வேலை. நாங்கள் மருத்துவர்கள் அல்ல. ஆனால் மருத்துவர்கள் சொல்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதிலும், பிறகு தேடிப் படித்ததிலும் சில விஷயங்கள் எங்களுக்குத் தெரியவந்தன. அவற்றில் ஒன்றை உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்று நேரம் கேட்டோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி மனுக் கொடுக்க வந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னோம். பேனாவைப் பிடிக்க முடியவில்லை. விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துபோயிருந்தன. அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். "எப்போது ஆரம்பித்தது?" என்றுதான் மருத்துவர் முதலில் கேட்டார்.

"அஞ்சு வருஷம் இருக்கும் டாக்டர். காலையில் எழுந்தால் விரல் மடங்காது, மாவு பிசைய முடியாது. லுஹர் நேரம் ஆனால் சரியாகிவிடும். அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை."

ஈரத்திலேயே நிற்பதால் வருகிறது என்று வீட்டில் சொன்னார்களாம். "எங்களுக்கும்தான் வலித்தது, நாங்கள் சொல்லிக்கொண்டா இருந்தோம்?" என்று மூத்தவர்கள் கேட்டார்களாம். பிறகு யாரோ பெயர் எழுதாத பொட்டலத்தில் ஒரு பொடி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சாப்பிட்டதும் வலி பறந்துவிட்டது. நிறுத்தியதும் இரட்டிப்பாக வந்தது.

மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த வீக்கத்தை நிறுத்தலாம் அம்மா. ஆனால் சாய்ந்த விரலை மருந்தால் நிமிர்த்த முடியாது. முதல் வருஷமே வந்திருந்தால் கை இப்படி ஆகியிருக்காது."

இந்தக் கடைசி வார்த்தைதான் இன்றைய பேச்சின் சாரம்.

மூட்டுவலி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது பல நோய்கள். நம் வீடுகளில் அதிகம் காண்பவை இரண்டு. ஒன்று மூட்டுத் தேய்மானம். வயது ஏற ஏற, பெரும்பாலும் முழங்காலில் வரும். நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விலகிவிடும். மற்றொன்று முடக்குவாதம். இது முதுமையின் நோய் அல்ல. முப்பது, நாற்பது வயதிலேயே வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி விரல் மூட்டு, மணிக்கட்டு, கால்விரல் அடி ஆகியவை வீங்கும். காலையில் ஒரு மணி நேரம், அதற்கு மேலும் விறைத்து நிற்கும். ஓய்வெடுத்தால் கூடும், வேலை செய்யச் செய்யச் சற்றுத் தளரும். அதனால்தான் அந்தச் சகோதரி ஏமாந்தார். பகலில் சரியாகிவிடுகிறதே என்று நினைத்துவிட்டார்.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எலும்பின் முனையில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அதில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பு இல்லாததால் அது அரிபடும்போது நமக்குத் தெரிவதில்லை. இரத்த ஓட்டம் இல்லாததால் போனது எளிதில் வளர்வதும் இல்லை. மூட்டைச் சுற்றி உள்பக்கமாக ஒரு மெல்லிய சவ்வு உண்டு. வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போல வழுக்கு நீரைச் சுரப்பது அதன் வேலை. முடக்குவாதத்தில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் காவல் அணுக்கள் இந்தச் சவ்வையே எதிரியாக நினைத்துத் தாக்குகின்றன. சவ்வு வீங்கித் தடித்துக் குருத்தெலும்பின் மேல் படர்கிறது. எலும்பைக் கரைக்கும் அணுக்களை அது தூண்டிவிடுகிறது. எலும்பின் ஓரத்தில் குழி விழுகிறது. தசைநார்கள் தளர்ந்து விரல்கள் இடம் மாறுகின்றன.

பலருக்கு இந்த எலும்பு அரிப்பு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலி பொறுக்க முடியாமல் போகும்வரை காத்திருப்பவருக்கு அந்தக் காலம் கைநழுவிப் போயிருக்கும்.

இந்த நோய்க்கு இன்றுள்ள ஆங்கிலப் பெயரை லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் கேரட் 1859இல் வைத்தார். காரணம் அப்போது யாருக்கும் தெரியாது. 1940இல் நார்வே நாட்டு எரிக் வாலர், நோயாளிகளின் இரத்தத்தில் விசித்திரமான ஓர் எதிர்ப்புப் பொருள் இருப்பதைக் கண்டார். இன்று நம் ஊர் ஆய்வுக்கூடத்தில் 'ஆர்.ஏ. ஃபேக்டர்' என்று எழுதிக் கொடுக்கும் சோதனை அதிலிருந்து வந்ததுதான்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்திருந்தார். 1929இல் ஒரு நோயாளிக்கு மஞ்சள் காமாலை வந்தது, மூட்டுவலி குறைந்துவிட்டது. கர்ப்பமான பெண்களுக்கும் இந்த வலி தணிவதைப் பார்த்தார். உடலே சுரக்கும் ஏதோ ஒரு பொருள் நோயை அடக்குகிறது என்று யூகித்தார். தேடல் பல ஆண்டுகள் நீண்டது. 1948 செப்டம்பரில், படுக்கையில் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு கார்ட்டிசோன் ஊசி போடப்பட்டது. சில நாள்களில் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும், அவருடன் பணியாற்றிய கெண்டாலுக்கும், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதிக அளவில் நீண்ட நாள் கொடுத்தபோது முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, எலும்பு பலவீனமானது. நிறுத்தினால் நோய் திரும்பியது. கார்ட்டிசோன்தான் ஸ்டீராய்டு வகை மருந்துகளுக்கு முன்னோடி. மருத்துவர் அளவு பார்த்து, நாள் பார்த்துக் கொடுக்கும்போது அது இன்றும் நல்ல மருந்துதான். பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும்போது அப்படியல்ல. ஒரே நாளில் வலியை விரட்டும் பொடி எதுவானாலும், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். வாங்கிச் சாப்பிட்டுவிட்டவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

நோயின் வேரை நோக்கிய பெரிய அடி லண்டனில் விழுந்தது. லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும், மார்க் ஃபெல்ட்மேனும் கென்னடி ஆய்வு நிலையத்தில் நோயாளிகளின் மூட்டுச் சவ்வை எடுத்து ஆராய்ந்தார்கள். காவல் அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பல புரதங்களைப் பயன்படுத்துகின்றன. அவற்றில் டி.என்.எஃப். என்ற ஒன்றை மட்டும் தடுத்தால் மற்றவையும் அடங்குவதைக் கண்டார்கள். 1992இல் 20 நோயாளிகளுக்கு அந்தத் தடுப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கமும் வலியும் வேகமாகக் குறைந்தன. இன்று 'பயாலஜிக்ஸ்' என்று சொல்லும் ஊசிகளுக்கு அங்கேதான் வழி திறந்தது. விலை அதிகம், எல்லோருக்கும் தேவையும் இல்லை.

எல்லோருக்கும் எட்டும் மருந்து ஒன்று இருக்கிறது, மெத்தோட்ரெக்சேட். அதன் கதையில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் 1923இல் அமெரிக்கா போனார். லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் உருவானது இந்த மருந்து. முதலில் இரத்தப் புற்றுநோய்க்குத்தான் பயன்பட்டது. சுப்பாராவ் 1948இலேயே இறந்துவிட்டார். குறைந்த அளவில் கொடுத்தால் முடக்குவாதத்தை அடக்கும் என்பது 1980களின் ஆய்வுகளில் உறுதியாகி, 1988இல் அமெரிக்காவில் இதற்கென அனுமதி கிடைத்தது. இன்று உலகெங்கும் முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது இதைத்தான்.

இந்த மாத்திரை பற்றி ஒரு கடுமையான எச்சரிக்கை. இதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால், பிள்ளைகள் நாள்காட்டியில் அந்தக் கிழமையை வட்டமிட்டு, அன்று உங்கள் கையால் எடுத்துக் கொடுங்கள். அவ்வப்போது இரத்தப் பரிசோதனை அவசியம். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் இதைச் சாப்பிடக் கூடாது. புதிதாகத் திருமணமான பெண்கள் வெட்கப்படாமல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், மாற்று மருந்து உண்டு. ரமளானில் நோன்பு வைப்பவர்கள் மருந்தைத் தாங்களாக நிறுத்திவிடாமல், எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது? இதற்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை, பாதி கிடைத்திருக்கிறது. சில மரபணுக்கள் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்பது 1970களில் தெரிந்தது. பிறகு இரத்தத்தில் இன்னொரு எதிர்ப்புப் பொருள் கண்டறியப்பட்டது. 'ஆன்ட்டி சி.சி.பி.' சோதனை அதைத்தான் தேடுகிறது. நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. பின்னாளில் முடக்குவாதம் வந்தவர்கள் நலமாக இருந்த காலத்தில் தானம் செய்த இரத்தம் சேமிப்பில் இருந்தது. அதை எடுத்துச் சோதித்தார்கள். ஏறத்தாழப் பாதிப்பேரின் இரத்தத்தில், வலி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த எதிர்ப்புப் பொருள்கள் இருந்தன. அப்படியானால் நோய் மூட்டில் தொடங்குவதில்லையா? சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் நுரையீரலைக் கைகாட்டினார்கள். குறிப்பிட்ட மரபணு உள்ளவர் புகைபிடித்தால் ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்று கண்டார்கள். மலேசியாவில் நடந்த ஓர் ஆய்வு, துணித் தூசியில் வேலை செய்த பெண்களுக்கு இந்நோய் அதிகம் வருவதைக் காட்டியது. ஈறு நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகவும் ஆராய்கிறார்கள். ஈரத் துணியோ, கத்தரிக்காயோ, புளியோ நோயை உண்டாக்கியதாக எந்த ஆய்வும் நிறுவவில்லை.

2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு நம்பிக்கை தருகிறது. பிரிட்டனிலும் நெதர்லாந்திலும், நோய் வரும் அறிகுறி உள்ள 213 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு அபாடாசெப்ட் என்ற மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு வெறும் ஊசி. ஓராண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் 100க்கு 6 பேருக்கும், பெறாதவர்களில் 29 பேருக்கும் நோய் வந்தது. மருந்தை நிறுத்திய பிறகு அந்த வித்தியாசம் குறைந்தது உண்மைதான். ஆனாலும் வருமுன் தடுக்க முயலும் அளவுக்கு ஆராய்ச்சி வந்துவிட்ட காலத்தில், வந்த பிறகு ஐந்து வருஷம் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பது நியாயமா?

மூட்டுத் தேய்மானம் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி நல்ல மருந்து. துளை போட்டு முழங்காலைக் கழுவிச் சுத்தம் செய்யும் சிகிச்சைக்குக் கடன் வாங்க வேண்டாம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், அந்தச் சிகிச்சை பெற்றவர்களும் தோலில் மட்டும் கீறல் போடப்பட்டவர்களும் ஒரே அளவுதான் குணம் கண்டார்கள். நாற்காலியில் தொழ மருத்துவர் சொன்னால் கூச்சப்படாதீர்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது என்ன? விரல் மூட்டு அல்லது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, காலை விறைப்பு ஒரு மணி நேரம் நிற்கிறது, இப்படி ஆறு வாரம் ஆகிவிட்டது என்றால் அது அவசரம். சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பிறகும் இப்படி வரலாம். 2006இல் நம் ஊர்களில் பார்த்தோம், பலருக்கு மாதக்கணக்கில் நின்றது. எதுவென்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. மூட்டு, வாத நோய்களுக்கான சிறப்பு மருத்துவரைப் பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித்துறையே இருக்கிறது. குணம் தெரிந்ததும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டு ஆண்களுக்கும் மூத்த தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருமகளோ மகளோ காலையில் கை மடங்கவில்லை என்று சொன்னால் ஒரு தடவை அந்தக் கையைப் பிடித்துப் பாருங்கள். பொறுமை பெரிய குணம்தான். ஆனால் எலும்பு அரிபடுவதைப் பொறுத்துக்கொள்ளும்படி யாரும் நம்மைக் கேட்கவில்லை.

அந்தச் சகோதரி இப்போது மருந்து சாப்பிடுகிறார். வீக்கம் வடிந்திருக்கிறது. விரல்கள் நிமிரவில்லை. போன வாரம் அலுவலகத்துக்கு வந்தபோது, மகளின் பள்ளிச் சட்டைக்குத் தானே பொத்தான் போட்டுவிட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் இதைச் சொல்கிறோம். "என் பெயர் வேண்டாம், என் கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்.

பரிசோதனைச் செலவுக்கோ பயணச் செலவுக்கோ தயங்கி யாரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம். எங்களிடம் வாருங்கள். உங்களோடு வருகிறோம், இன்ஷா அல்லாஹ். முதல் வருஷத்திலேயே வாருங்கள்.