ஸ்டிக்கரை உரிக்கத் தெரிந்த கை

தூத்துக்குடியில் ஒரு காரின் பின்பக்கத்தைப் பார்த்தாலே அந்த வீட்டுச் சங்கதி பாதி தெரிந்துவிடும். திருச்செந்தூர் வேல், பனிமய மாதா, பிள்ளைகளின் பெயர்கள், கட்சிக்கொடி, பிடித்த நடிகரின் முகம், வாடகைக்கு ஓடிய காலத்தில் கதவில் ஒட்டிய டிராவல்ஸ் பெயர் என்று வரிசையாக இருக்கும். ஒட்டித் தர ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நேயர்களே, அதையே பெயின்ட் கெடாமல் எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறும்.

எடுக்க வேண்டிய காரணங்கள் பல. வண்டி கை மாறும். தலைவர் கட்சி மாறுவார், அல்லது வண்டிக்காரர் தலைவரை மாற்றுவார். சில சமயம் சட்டமே எடுக்கச் சொல்லும். 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மே 4 முதல் நாடெங்கும் ஃபிலிம்கள் உரிக்கப்பட்டன. அவசரத்தில் பிளேடால் சுரண்டியவர்கள், பின்கண்ணாடியில் ஓடும் பனிநீக்கிக் கம்பிகளையும் சேர்த்தே அறுத்தார்கள். 2024 மே 2 முதல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, வண்டிகளில் பத்திரிகை, காவல், வழக்கறிஞர், மருத்துவர் என்று அனுமதியில்லாமல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களுக்கு 500 ரூபாய் அபராதம் விதிக்கத் தொடங்கியது. மறுபடி பிடிபட்டால் 1,500. அபராதத்துக்குப் பயந்து வீட்டு வாசலில் நின்று நகத்தால் பிறாண்டியவர்கள், அதைவிடப் பெரிய தொகையைப் பெயின்ட் கடையில் கட்டியிருப்பார்கள்.

இந்த வேலையின் சூட்சுமம் ஸ்டிக்கரில் இல்லை. அதற்கு அடியில் இருப்பதில்தான் இருக்கிறது.

ஆலையிலிருந்து வரும் காரில் இரும்புத் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், கடைசியாகக் கண்ணாடி போன்ற க்ளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூச்சு இருக்கும். எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் க்ளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 40 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் பருமனில் பாதிக்குச் சற்று மேல். இத்தனை மெலிதாக இருந்தும் அது உறுதியாக இருப்பதற்குக் காரணம் சூளைச் சூடு. 2025 ஆகஸ்ட் 4 அன்று சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறக்கப்பட்டதே, அதுபோன்ற ஆலைகளின் பெயின்ட் பிரிவில் வெறும் உடற்கூட்டைச் சுமார் 140 டிகிரியில் சுடுவார்கள். வயரும் சீட்டும் அதற்குப் பிறகுதான் ஏறும்.

ஓடிய வண்டியை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. பிளாஸ்டிக்கெல்லாம் உருகிவிடும். ஆகவே இடி வாங்கிய கதவை டிங்கர் தட்டிச் சரிசெய்து, பட்டி பார்த்து, மறுபடி பெயின்ட் அடிக்கும்போது 60 டிகிரி வாக்கில்தான் காய வைப்பார்கள். சின்னக் கடைகளில் அதுகூடக் கிடையாது, வெயில்தான். பட்டி பார்த்த இடத்தில் ஒட்டிய ஸ்டிக்கரை இழுத்தால், பெயின்ட்டும் கூடவே எழுந்து வருவதற்கு இதுதான் காரணம். விவரம் தெரிந்த ஆள் ஸ்டிக்கரைத் தொடுமுன் கேட்கும் முதல் கேள்வி, “இந்தப் பக்கம் வேலை பார்த்த வண்டியா?” என்பதுதான். அதைக் கேட்காமலே ஹீட் கன்னைத் தூக்குபவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, கழுவுதல். இந்தக் கரையில் நிற்கும் வண்டியில் உப்புக் காற்றின் படிவு எப்போதும் இருக்கும். உப்பு தண்ணீரில் கரைந்துவிடும், அது சின்னத் தொல்லைதான். பெரிய தொல்லை மணல். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது தேரிக்காட்டுச் செம்மண் தூசியும் பறந்து வரும். அந்த மணலில் குவார்ட்ஸோடு கார்னெட்டும் இருக்கிறது. உப்புத்தாளுக்குப் பயன்படும் அதே கார்னெட்தான். அந்தத் தூசியோடு துணியை வைத்துத் தேய்த்தால் ஸ்டிக்கர் போகும் முன்பே கோடு விழுந்துவிடும். முதலில் தாராளமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும், பிறகு ஷாம்பு, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

இனி உரிப்பது. ஸ்டிக்கர் என்பது பிவிசி பிளாஸ்டிக் தாள், அதன் முதுகில் அக்ரிலிக் பசை. தாளை வளைய வைப்பது அதில் கலந்திருக்கும் மிருதுவாக்கி. நம்மூர் வெயிலில் சில வருடங்கள் நின்றால் மிருதுவாக்கி வெளியேறி, தாள் அப்பளமாகிவிடும். அதை அப்படியே இழுத்தால் துண்டு துண்டாக உடையும். சூடு காட்டினால் மறுபடி கொஞ்சம் வளையும், பசையும் இளகும்.

எவ்வளவு சூடு என்பதில்தான் கைத்திறன் தெரியும். புறங்கையை வைத்தால் சுட வேண்டும், ஆனால் வெடுக்கென்று எடுக்கத் தோன்றக் கூடாது. ஐம்பது டிகிரிப் பக்கம் என்று சொல்லலாம். தலைமுடி உலர்த்தும் டிரையர் இதற்குப் போதும். ஹீட் கன் சில நூறு டிகிரி கக்கக்கூடியது, ஒரே இடத்தில் காட்டினால் க்ளியர் கோட் கொப்பளித்துவிடும். சூடு குறைந்தால் பசை விறைப்பாகப் பெயின்ட்டைப் பிடித்து இழுக்கும். கூடினால் பசை கஞ்சியாகி, தாள் மட்டும் கையோடு வர, பிசுக்கு அப்படியே வண்டியில் தங்கிவிடும். சித்திரை வெயிலில் நின்ற கறுப்புக் காருக்கு டிரையரே வேண்டாம், நிழலில் விட்டுச் சற்று ஆறவைத்தால்தான் சரி.

ஒரு மூலையை நகத்தால் தூக்கலாம், அல்லது பழைய ஏடிஎம் கார்டால் தூக்கலாம். இரும்பு ஆகாது. தூக்கிய தாளை நேராக மேலே இழுக்காமல், மடக்கி, பெயின்ட்டை ஒட்டினாற்போலப் பின்னோக்கி இழுக்க வேண்டும். மெதுவாக. வெடுக்கென்று இழுத்தால் அந்தப் பசை கல்லாக இறுகும், பொறுமையாக இழுத்தால் நெகிழ்ந்து விடும். ஒரு கதவுக்கு அரைமணி நேரம் போவது சோம்பலால் அல்ல.

கம்பெனி பேரும் மாடல் பேரும் பொறித்த பிளாஸ்டிக் எழுத்துகள் வேறு ரகம். அவை கனமான நுரை டேப்பில் ஒட்டியிருக்கும். நெம்பினால் அடியில் பள்ளம் விழும். இதற்கு உலகமெங்கும் மெக்கானிக்குகள் தேடும் சாமான் நம் கடற்கரையில் காலில் இடறும்: தங்கூசி. மீன்வலைக்கும் தூண்டிலுக்கும் பயன்படும் அந்த நைலான் நரம்பை இரண்டு கையிலும் சுற்றி, எழுத்துக்கு அடியில் கொடுத்து, வாளறுப்பது போல முன்னும் பின்னும் இழுத்தால் நுரை அறுபட்டு எழுத்து கையில் வந்துவிடும். லேசாகச் சூடு காட்டிக்கொண்டால் இன்னும் சுலபம். விசைப்படகுக்காரர் வீட்டில் செலவே இல்லாத வேலை.

மிஞ்சிய பிசுக்கை எடுப்பதில்தான் அதிகச் சண்டை. தேங்காய் எண்ணெய் தடவிக் கால்மணி நேரம் ஊறவிட்டால் பசை நெகிழும். நேரமாகும், பெயின்ட்டுக்குத் தீங்கில்லை. நீலகிரித் தைலம் இன்னும் வேகம், ஆனால் ஊறவிடாமல் உடனே துடைக்க வேண்டும். மண்ணெண்ணெயும் ஆகும், கிடைத்தால். லாரி ஷெட்டுகளில் கைக்கு வருவது தின்னர்தான். ஆலைப் பெயின்ட் அதை ஒரு துடைப்புக்குத் தாங்கலாம். பட்டி பார்த்த கதவு தாங்காது, நிறமே துணியில் வந்துவிடும். ஹெட்லைட் மூடியில் பட்டால் பிளாஸ்டிக் முழுக்க மயிரிழை வெடிப்பு. எதைத் தடவினாலும் முடிவில் ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய்ப் பசையில் தூசி வந்து உட்காரும்.

உரிக்கவே கூடாத ஸ்டிக்கர் ஒன்றும் உண்டு. புதூர்பாண்டியாபுரம், வாகைக்குளம் சுங்கச்சாவடிகளில் பணம் பிடிக்கும் ஃபாஸ்டேக், எடுத்தால் கிழிவதற்கென்றே செய்யப்பட்டது. உள்ளிருக்கும் ஆன்டெனா அறுந்தால் அதோடு முடிந்தது. முன்கண்ணாடியைத் துப்புரவாக்கும் உற்சாகத்தில் அதையும் பிய்த்துவிட்டால் புதிதாகத்தான் வாங்கி ஒட்ட வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஒன்று பாக்கி நிற்கும்: நிழல். ஸ்டிக்கர் மூடியிருந்த இடத்தில் வெயில் படவில்லை, சுற்றியுள்ள நிறம் மட்டும் வெளிறியிருக்கிறது. சிவப்பில் இது பளிச்சென்று தெரியும், வெள்ளையில் அவ்வளவாகத் தெரியாது. ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் வெளிறிய மேற்படலம் போய் இரண்டும் நெருங்கி வரும். ஆனால் தேய்ப்பதென்றால் அந்த 40 மைக்ரானில் கொஞ்சம் செலவழிப்பது. அடிக்கடி செய்கிற காரியம் அல்ல.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இந்த நிழல் உதவும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் கதவுக்கு நேரே நிற்காமல், பானட் பக்கமாக ஒதுங்கி நின்று நீளவாக்கில் பார்க்க வேண்டும். ‘சொந்த உபயோகம் மட்டும், ஒரே கை’ என்று சொல்லி விற்கிற வண்டியின் கதவில், டிராவல்ஸ் பெயரும் அதன் கீழே பத்து இலக்க போன் நம்பரும் மங்கலாகத் தெரிந்தால், விலை பேசுவதை அங்கிருந்து தொடங்கலாம்.