வாசலில் அரளி வேண்டாம், வெட்சி வைப்போம்

(பிள்ளை மடுவத்துத் தாய்மார் கூட்டத்தில் மடுவப் பொறுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நம்ம லயத்து வாசல் நாலு முழ இடம்தான். ஆனாலும் சாமிக்கு வைக்க ஒரு பூஞ்செடி இல்லாவிட்டால் நமக்கு மனசு ஆறாது. அதனாலேதான் பல வாசல்களில் மஞ்சள் அரளி நிற்கிறது. தண்ணீர் கேட்காது, எப்போதும் பூக்கும், ஆடு மாடும் வாய் வைக்காது. ஆடு ஏன் வாய் வைக்கவில்லை என்று யோசித்தோமா?

ஒருநாள் மடுவத்துப் பிள்ளைகள் அரளிக் காயை வைத்துக் கடை விளையாட்டு விளையாடினார்கள். ஒரு சின்னவள் அதை வாயில் போட்டுவிட்டாள். கடிக்க முன்னமே பிடுங்கிவிட்டேன். ஆனால் அன்று முழுக்க என் கை நடுங்கியது.

அரளியில் விதை, இலை, பூ, பால் எல்லாமே நஞ்சு. இதயத் துடிப்பையே குழப்பிவிடும். பிள்ளை தின்றதாகச் சந்தேகம் வந்தாலே, கைமருந்து பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.

அரளி நின்ற இடத்தில் வெட்சி வையுங்கள். இட்லிப்பூ என்றும் சொல்வார்கள். முருகனுக்கு உகந்த பூ. இலை உதிராமல் என்றும் பச்சையாக நிற்கும்.

வளர்ப்பது நமக்குப் புதுசு இல்லை. தேயிலைக்கு வேண்டிய அதே புளிப்பு மண்தான் வெட்சிக்கும் வேணும். அரை முற்றல் வாதில் 4 முதல் 6 அங்குலத் துண்டு வெட்டி, தவறணையில் செய்வது போல ஈரமும் நிழலும் கொடுத்தால், இரண்டு மாதமளவில் வேர் பிடித்துவிடும். பிறகு நல்ல வெயில் படும் இடத்தில், தண்ணீர் தேங்காமல் நடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். அடுப்புச் சாம்பலையும் சுண்ணாம்பையும் அடியில் கொட்டாதீங்க. மண்ணின் புளிப்புக் குறைந்து, இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்றதெல்லாம் மஞ்சளாகிவிடும். மக்கிய சாணமும் தேயிலைச் சக்கையும் போடுங்கள்.

பூ நுனிக் கிளையில்தான் வரும். ஆகவே ஒரு பூப்பு முடிந்ததும் கவ்வாத்து பண்ணி, 3 அடி உயரத்திலேயே வைத்திருங்கள். செடி அடர்ந்து பூக்கும்.

நுவரெலியாப் பக்கம் போல உறைபனி விழும் இடத்துக்கு வெட்சி சரிவராது. அங்கே கமேலியா வையுங்கள். அது நம்ம தேயிலைக்கே உடன்பிறப்பு.

பழைய அரளியை வேரோடு தோண்டிப் புதையுங்கள். எரிக்க வேண்டாம், அந்தப் புகையும் கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பூ நமக்கு வேணும். அதைவிடப் பிள்ளை வேணும்.