எந்தப் பாத்திரத்தில் எதை வைப்பது?

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



விஞ்ஞான மன்றத்துப் பிள்ளைகள் ரொக்கெற் செய்ய ஆசைப்படுவதாக அறிந்தோம். மிக்க மகிழ்ச்சி. வைத்தியர்களாகிய நாங்கள் ரொக்கெற் செய்வதில்லை. ஆனால் அதை உந்தும் ஒட்சியேற்றிகள் இரண்டுடன் தினமும் பழகுகிறோம். ஒன்று ஒட்சிசன், மற்றது ஐதரசன் பரவொட்சைட்டு. இவை தாம் எரியாமல் மற்றவற்றை எரிய வைப்பவை.

பரவொட்சைட்டுக்குள் ஒரு சிட்டிகை மங்கனீசீரொட்சைட்டு இட்டால் ஒட்சிசன் குமிழியிடும் என்று இந்த ஆய்வுகூடத்தில்தான் கற்றோம். காயம் கழுவும் 3 சதவீதக் கரைசலில் அது வெறும் நுரை. 85 சதவீதத்திலோ சூடான நீராவியும் ஒட்சிசனும் சீறிப் பாயும். 1971இல் செய்மதியொன்றை ஏவிய பிரித்தானியாவின் பிளாக் அரோ ரொக்கெற்றில், வெள்ளி பூசிய வலையே இதற்கு ஊக்கி. அதே வெள்ளியோ, செப்போ, பித்தளையோ, துருவோ சேமிப்புத் தாங்கிக்குள் இருந்தால் பேராபத்து. 2000 ஓகஸ்ட்டில் 118 பேருடன் மூழ்கிய கூர்ஸ்க் நீர்மூழ்கியின் அழிவு, டோர்பிடோவிலிருந்து கசிந்த பரவொட்சைட்டில் தொடங்கியது என்றே ரஷ்ய விசாரணை முடிவு செய்தது. ஆகவே இதற்குத் தூய அலுமினியமே ஏற்றது.

அப்படியென்றால் அலுமினியம் எதற்கும் நல்லதா? இல்லை. அமுக்கமுள்ள ஒட்சிசனில் அதுவே எரியக்கூடும். சிலிண்டர்களின் அலுமினிய அமுக்கச் சீராக்கிகள் தீப்பற்றியதால், பித்தளைச் சீராக்கிகளைப் பாவிக்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 1999இல் அறிவுறுத்தியது. அங்கே பகையான பித்தளை இங்கே நட்பு. ‘பாதுகாப்பான உலோகம்’ என்று ஒன்றில்லை. எதனோடு சேர்கிறது என்பதே கேள்வி.

துப்புரவும் அவ்வளவு முக்கியம். எண்ணெய்க் கையோடு சிலிண்டர் வால்வைத் தொடாதே என்பது எங்கள் விடுதிகளின் விதி. அப்பலோ 1இல், 1967 ஜனவரி 27 அன்று, தூய ஒட்சிசன் நிரம்பிய அறைக்குள் நைலோன் போன்ற சாதாரணப் பொருட்களே மூன்று வீரர்களின் உயிரைப் பறித்த தீக்கு இரையாகின.

தங்கச்சிமாரே, உங்கள் முதல் ரொக்கெற் தண்ணீராலும் காற்றாலும் பறக்கட்டும். விதி அங்கும் அதுதான். அழுத்தம் தாங்கும் சோடாப் போத்தலே வேண்டும். கண்ணாடிப் போத்தல் கூடாது. ஒட்சியேற்றிகளை வீட்டில் தொடவே வேண்டாம்.

பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வுகூடத்தில் ஒட்சியேற்றிகளுக்கென, மதுசாரம் முதலியவற்றிலிருந்து விலக்கி, தனி அலுமாரி அமைத்துக் கொடுப்போம். எங்களுள் இரசாயனமும் பொறியியலும் படித்தவர்கள் இந்தப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முன்வாருங்கள். ஆசையை அடக்குவதல்ல, அதற்கு ஏற்ற பாத்திரத்தைக் கொடுப்பதே எங்கள் கடமை.