மணி பவன்



மும்பையில் காம்தேவி என்னும் பகுதியில் ஒரு மாடி வீடு இருக்கிறது. அதன் பெயர் மணி பவன். அது காந்தியடிகளின் நண்பர் ரேவாசங்கர் ஜவேரியின் வீடு. 1917 முதல் 1934 வரை, மும்பை வந்தால் காந்தியடிகள் அங்கே தங்குவார்.

1919-இல் வெள்ளையர் அரசு ரௌலட் சட்டம் கொண்டு வந்தது. காந்தியடிகள் அதை எதிர்த்தார். அந்த ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், மணி பவனிலிருந்து 'சத்தியாகிரகி' என்ற சிறு பத்திரிகையை வெளியிட்டார். அரசிடம் பதிவு செய்யாமல் பத்திரிகை நடத்துவது குற்றம். தெரிந்தேதான் செய்தார்.

1932 ஜனவரி 4. பொழுது விடியவில்லை. அந்த வீட்டு மொட்டை மாடியில் அவரைக் கைது செய்தார்கள்.

இன்று மணி பவன் நினைவு இல்லம். சிறு பத்திரிகை வெளியிட்டதே குற்றமான அதே வீட்டில், இப்போது பெரிய நூலகம் இருக்கிறது!